ஆறாத நாக்கு: ஒரே இடத்தில் வலியா, முழுக்க எரிச்சலா?

மிளகாய் பட்டால் சுரீர் என்கிறது, டீயை வாயில் வைக்க முடியவில்லை, சோற்றில் ரசம் ஊற்றினால் கண்ணில் நீர் வருகிறது. நம் வீடுகளில் இதற்கு உடனே வரும் பதில் "சூடு". எண்ணெய் தேய்த்துக் குளி, இளநீர் குடி, மணத்தக்காளிக் கீரை ஆக்கிச் சாப்பிடு என்பார்கள். இதில் ஒன்றும் தப்பில்லை. சாதாரண வாய்ப்புண் 7 நாளிலிருந்து 14 நாளுக்குள் தானாகவே ஆறிவிடும். அந்த நாட்களில் எதைக் கொடுத்தாலும் அதுதான் குணமாக்கியது என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆறாத நாக்குக்கும் அதே கைவைத்தியத்தை மாதக்கணக்கில் தொடர்வதுதான் ஆபத்து.

ரங்கூன், பெகு, மோல்மீன் என்று எங்கே இருந்தாலும் பர்மாத் தமிழர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். தெருவுக்குத் தெரு குன்யா (வெற்றிலை பாக்கு) கடை இருக்கிறது. டீக்கடை மேசையில் ஃபிளாஸ்கில் வெறும் தேயிலைத் தண்ணீர் எப்போதும் இருக்கிறது. மருந்துக்கடையில் போய் "அண்ணே, நாக்கு வெந்துபோச்சு, ஏதாவது குடுங்க" என்றால் சீட்டு இல்லாமலே பி காம்ப்ளெக்ஸ் கிடைக்கிறது. ஆறாத நாக்குக்கும் இந்த மூன்றுக்கும் தொடர்பு உண்டு.

நாக்கு வலி என்றதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே வலிக்கிறது என்பது. விரல் நுனியால் "இதோ, இங்கே" என்று தொட்டுக் காட்ட முடிகிறதா? அப்படியானால் பல், புண், சுண்ணாம்புச் சூடு, கட்டி இந்த வழியில் தேட வேண்டும். தொட்டுக் காட்ட முடியவில்லை, நாக்கு முழுக்க எரிகிறது, வெந்தது போல இருக்கிறது என்றால் இரத்தம், சத்துக் குறைவு, பூஞ்சை, சாப்பிடும் மாத்திரைகள், உமிழ்நீர், நரம்பு இவற்றில் தேட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன நடக்கும்? ஓரத்தில் ஒரே ஒரு புண் உள்ளவர் சத்து ஊசி போட்டுக்கொண்டு மூன்று மாதத்தைக் கடத்திவிடுவார். இரும்புச்சத்து குறைந்து நாக்கு வழுவழுப்பானவரோ புற்றுநோய் என்று பயந்து தூக்கத்தைத் தொலைப்பார்.

முதலில் நாக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்ப்பது போதாது, ஏனென்றால் பார்க்க வேண்டிய இடங்கள் அப்போது தெரியாது. வெற்றிலை போடுபவர் பல் துலக்கி, வாயை நன்றாகக் கொப்பளித்து, செங்கறை போனபிறகு பார்க்க வேண்டும். கறைக்கு அடியில் சிவப்புத் திட்டு இருந்தால் தெரியாது. பல் செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், கையில் போன் டார்ச்சோடு நில்லுங்கள். சுத்தமான உலர்ந்த பருத்தித் துணியால் நாக்கின் நுனியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால் இடது ஓரம் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும். பிறகு இடப்பக்கம் இழுத்து வலது ஓரம். பிறகு நுனியை மேல் அண்ணத்தில் ஒட்டி, நாக்கின் அடிப்பகுதியையும் அதன் கீழே உள்ள தரையையும் பாருங்கள். நாக்குப் புற்று அதிகம் வருவது ஓரங்களிலும் அடிப்பக்கத்திலும்தான். மேல்பரப்பின் நடுவில் வருவது அரிது. கடைசியாக, கழுவிய விரல்களால் ஓரத்தை இருபுறமும் பிடித்து மெதுவாக அமுக்கிக்கொண்டே போங்கள். நல்ல நாக்கு எங்கும் ஒரே மாதிரி மெத்தென்று இருக்கும். தோலுக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை கிடப்பதுபோல் ஓரிடம் கெட்டியாக இருந்தால், வலி இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவே வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிப் பார்க்கும்போது பலரைப் பயமுறுத்துகிற, ஆனால் இயல்பான இரண்டு விஷயங்கள் உண்டு. நாக்கின் பின்பக்கம், தொண்டைக்கு முன்னால், தலைகீழ் வி வடிவில் 8 முதல் 12 வரை வட்டமான பெரிய மொட்டுகள் வரிசையாக இருக்கும். அவை சுவை மொட்டுகளைத் தாங்கும் முண்டுகள், எல்லோருக்கும் உண்டு. அதேபோல இரண்டு ஓரங்களிலும் பின்பக்கம் செங்குத்தான மடிப்புகள் இருக்கும். சளி பிடித்தாலோ, பல் உரசினாலோ அவை வீங்கிச் சிவந்து தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் இருப்பதைத்தான் காட்ட வேண்டும்.

பார்த்ததைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சம், வாரத்துக்கு ஒரு படம் போதும். மணிக்கு ஒருதரம் கண்ணாடி பார்ப்பதும், நாக்கைப் பல்லில் தேய்த்துத் தேய்த்துச் சோதிப்பதும் புண்ணை ஆறவிடாது. கவலை அதிகமுள்ளவர்கள் இதைத்தான் அறியாமல் செய்துகொண்டே இருப்பார்கள்.

இனி ஒரே இடத்து வலி. வெள்ளை அல்லது மஞ்சள் படிந்த நடு, சுற்றிச் சிவப்பு வளையம், 1 சென்டிமீட்டருக்குக் குறைவான வட்டம், தொட்டால் உயிர் போகிற வலி, இது சாதாரண வாய்ப்புண். 1 சென்டிமீட்டரைத் தாண்டிய பெரிய வகைப் புண் ஆற 6 வாரம் வரைகூட ஆகலாம். ஆனால் அது அந்த வகைதான் என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். வாய்ப்புண் வருடத்துக்கு நாலைந்து தரம் வந்துகொண்டே இருந்தால் இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் மூன்றையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

நாக்கின் ஓரத்தில் திரும்பத் திரும்ப அதே இடத்தில் புண் வந்தால் எதிரே உள்ள பல்லைப் பாருங்கள். பல வருஷம் பாக்கு கடித்தவருக்குக் கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பு தேய்ந்து, உள்பக்க விளிம்பு மட்டும் கத்தி மாதிரி நிற்கும். பேசும்போதும் விழுங்கும்போதும் நாக்கு அதில் உரசும். பல் மருத்துவர் அந்த விளிம்பை மழுக்கிவிடுவார், சில நிமிட வேலைதான். அதோடு வேலை முடிந்துவிடாது. மழுக்கிய நாளிலிருந்து 2 வாரத்தில் புண் ஆறியாக வேண்டும். ஆறவில்லையென்றால் பல் காரணமில்லை. அந்தப் புண்ணிலிருந்து சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். "பல்லு குத்துது, அதான் புண்ணு" என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுவது இங்கே நிறைய நடக்கிறது.

குன்யாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெற்றிலையில் சுண்ணாம்புக் குழம்பைத் தடவி, சீவின பாக்கு, காசுக்கட்டி, பெரும்பாலும் புகையிலை வைத்து மடித்துக் கொடுக்கிறார்கள். சுண்ணாம்பு கடும் காரத்தன்மை கொண்டது. கூடுதலாகத் தடவிய இலையை ஒரே கன்னத்தில் அடக்கி வைத்தால் அந்தப் பக்கத்து நாக்கு ஓரமும் கன்னமும் வெந்து வெள்ளையாக உரியும். இது சூட்டுக்காயம் போன்றது, நிறுத்தினால் சில நாளில் ஆறும். பாக்கும் புகையிலையும் செய்வது அப்படியல்ல. புகையிலையோடு போடும் தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985லேயே வகைப்படுத்திவிட்டது. 2004இல் வெளிவந்த அதன் மறுமதிப்பீடு இன்னும் ஒருபடி மேலே போய், புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கு மட்டுமேகூடப் புற்றை உண்டாக்கும் என்று சொன்னது. "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாக்கு போடுபவருக்குக் காரம் சாப்பிட்டால் வாயெல்லாம் எரிகிறது என்றால் அதை அசட்டை செய்யவே கூடாது. வாயின் உட்தோலுக்கு அடியில் நார் படிகிற நோய் ஒன்று உண்டு. பாக்கில் உள்ள அரிகோலின்தான் அதற்கு முக்கியக் காரணம். அதன் முதல் அடையாளமே இந்த எரிச்சல்தான். அடுத்து கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, பளிங்கு மாதிரி ஆகும். விரலால் தடவினால் செங்குத்தாக நாண் கட்டியதுபோல் பட்டைகள் தட்டுப்படும். நாக்கை முன்போல நீட்ட முடியாது, கன்னத்தை உப்பி ஊத முடியாது, வாய் சிறுத்துக்கொண்டே போகும். வீட்டிலேயே அளக்கலாம்: ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். தன் விரல் மூன்றும் தன் வாய்க்குள் நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது என்றால் வாய் ஏற்கெனவே சிறுத்திருக்கிறது. ஸ்கேலால் அளந்தால் பெரியவர்களுக்கு 35 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அளவையும் தேதியையும் மாதம் ஒருமுறை எழுதி வைத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

இந்த நார் ஒருமுறை படிந்தால் முழுக்கக் கரைவதில்லை. பாக்கை நிறுத்தினால் மேலும் மோசமாவது குறையும், எரிச்சலும் குறையும். வாய் திறக்கும் பயிற்சி, நாருக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, முற்றினால் அறுவை என்று சிகிச்சைகள் உண்டு. ஆனால் பாக்கு போட்டுக்கொண்டே சிகிச்சை எடுத்தால் காசும் நாளும் வீண். இந்நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்று வரும் என்பதால், நிறுத்திவிட்ட பிறகும் 6 மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நிறுத்துவது லேசல்ல, ஏனென்றால் புகையிலையும் பாக்கும் இரண்டுமே பழக்கத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் ஒன்றிரண்டு வாரம் தலைவலி, எரிச்சல், தூக்கக் குறைவு இருக்கும். வாயில் எதையாவது அடக்கிப் பழகியவர் சோம்பு, ஏலக்காய் மெல்லலாம். கிராம்பு வேண்டாம், புண்ணான நாக்கில் அதன் எண்ணெயே எரியும். சாப்பாடு முடிந்ததும் குன்யா கடைப் பக்கம் போகாமல் இருப்பதே பாதி வெற்றி. அந்த நேரத்தில்தான் கை தானாக நீளும்.

புற்று என்று சந்தேகிக்க வைக்கும் அடையாளங்கள் எவை? 2 வாரத்தைத் தாண்டிய புண். விளிம்பு தடித்துச் சுருண்டிருப்பது, அடி கெட்டியாக இருப்பது. லேசாகத் தொட்டாலே இரத்தம். துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இது வெள்ளையைவிட ஆபத்தானது. நாக்கின் ஒரு பகுதி மரத்துப்போவது, பேச்சு குழறுவது, அதே பக்கத்துக் காதில் குத்தல், கழுத்தில் ஆறாத நெறி. ஆரம்பத்தில் புற்றுப்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே "வலியே இல்லை, அப்படியே விட்டுடலாம்" என்பது நேர்மாறான முடிவு. காசநோயும் நாக்கில் ஆறாத புண்ணாக வரலாம். காசநோய்ப் பளு அதிகமுள்ள நாடுகளில் மியான்மாரும் ஒன்று என்பதால், இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு கூட இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சதை எடுத்துப் பார்த்தால் புற்று பரவிவிடும் என்ற பேச்சு நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அது உண்மையில்லை. மரக்க வைக்கும் ஊசி போட்டு, புண்ணின் விளிம்பில் சிறு துண்டு எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு மூன்று நாள் மெதுவான சாப்பாடு, அவ்வளவுதான். ரங்கூனிலும் மாண்டலேயிலும் உள்ள பல் மருத்துவப் பல்கலைக்கழகங்களில் வாய் நோய்களுக்கென்றே தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே இடத்துப் புண்ணுக்கு முதலில் பல் மருத்துவரிடம் போவதுதான் சரி. வாய்க்குள் பார்க்கத் தகுந்த விளக்கும் நாற்காலியும் அவரிடம்தான் இருக்கும்.

நாக்கு முழுக்க எரிகிறவர்கள் கதை வேறு. நாக்கின் மேல்தோல் மிக வேகமாகப் புதுப்பித்துக்கொள்வது. அதனால் சத்துக் குறைவு உடம்பில் வேறெங்கும் தெரியுமுன் அங்கே தெரிந்துவிடலாம். முள்முள்ளாக இருக்கும் மேல்பரப்பு தேய்ந்து வழுவழுப்பாகும். பச்சை இறைச்சி நிறத்தில் சிவந்து வழுவழுத்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவை நினைக்க வேண்டும். வெளிறி வழுவழுத்தால் இரும்பு. கருஞ்சிவப்பாகி, உதட்டு மூலைகள் வெடித்தால் பி2. ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, பல குறைவுகள் சேர்ந்தே வரும்.

பி12 தாவர உணவில் நம்பும்படியாகக் கிடைப்பதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். அது மீன், முட்டை, இறைச்சி, பாலிலிருந்து வர வேண்டும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால், சாப்பிடாமல் விட்டு வருஷங்கள் கழித்துத்தான் குறை தெரியும். சுத்த சைவம், பாலும் குறைவு என்றால் காரணம் புரிகிறது. ஆனால் காலையில் மொய்ங்கா என்ற மீன் சாறு நூடுல்ஸும் மதியம் மீன் குழம்புமாகச் சாப்பிடுகிறவருக்கு பி12 குறைந்தால்? அப்போது குறை சாப்பாட்டில் இல்லை, உடம்பு அதை உறிஞ்சுவதில் இருக்கிறது. சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின், அசிடிட்டிக்கு தினம் ஓமெப்ரசோல், வயிற்று அறுவை, வயிற்றுச் சுவரைத் தன் உடம்பே தாக்கும் நோய் இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். மெட்ஃபார்மினை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பி12 அளவைப் பார்த்து ஈடுகட்டினால் போதும். கால் பாதத்தில் ஊசி குத்துவது, மரத்துப்போவது, இருட்டில் நடந்தால் தள்ளாடுவது சேர்ந்திருந்தால் நரம்பும் கெடுகிறது என்று பொருள், தாமதிக்கக் கூடாது.

ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கிச் சாப்பிடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும், நாக்கும் கொஞ்சம் தேறலாம், ஆனால் நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பி காம்ப்ளெக்ஸிலும் இதே மாதிரிச் சிக்கல்தான். நாலு நாள் மாத்திரையோ ஒரு ஊசியோ போட்ட பிறகு இரத்தம் கொடுத்தால் பி12 அளவு நன்றாக இருப்பதாகக் காட்டும். நோய் இருந்தும் இல்லை என்றாகிவிடும். மாத்திரை வாங்குமுன் இரத்தம் கொடுங்கள், வரிசை மாறக் கூடாது.

என்ன பார்க்கச் சொல்ல வேண்டும்? முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலம்), வெறும்வயிற்றுச் சர்க்கரை அல்லது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டுக்கு டிஎஸ்எச். இரத்த எண்ணிக்கைச் சீட்டில் எம்சிவி என்று ஒரு எண் இருக்கும், சிவப்பணுவின் அளவு அது. 80 முதல் 100 வரை சரி. 100க்கு மேல் போனால் பி12, ஃபோலேட். 80க்குக் கீழே போனால் இரும்பு. இரண்டும் ஒரே ஆளுக்குக் குறைந்திருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டி எண் சரியாகவே காட்டும், ஆகவே அதை மட்டும் நம்ப முடியாது. பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200க்கும் 300க்கும் நடுவே என்றால் சந்தேகம், உடம்பின் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எம்சிவி குறைந்ததுமே இரும்பு மாத்திரை எழுதுவது பழக்கமாகிவிட்டது. மியான்மாரில் தலசீமியாக் கூறும் ஹீமோகுளோபின் ஈ வகையும் பரவலாக உண்டு, இரண்டும் பெற்றோரிடமிருந்து வரும் இரத்தக் குறைபாடுகள். கலப்பு மணம் செய்த குடும்பங்களில் நம் பிள்ளைகளுக்கும் வரலாம். இவர்களுக்கும் சிவப்பணு சிறியதாகவே இருக்கும், இரும்போ நிறைவாக இருக்கும். ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு கொடுத்தால் பலனில்லை. ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு உறுதி. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் அந்த எண் பொய்யாக உயரும்.

இரும்புக் குறைவில் டீக்குப் பங்கு உண்டு. தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டோடு யேநுவேஜான் (அந்த வெறும் தேயிலைத் தண்ணீர்) குடிப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். அதை விட வேண்டாம், சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னும் பின்னும் தள்ளிவையுங்கள். அந்த இடத்தில் வெந்நீரோ, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ குடிக்கலாம்; வாய் எரியும்போது எலுமிச்சை வேண்டாம், கொய்யா சாப்பிடுங்கள். இரும்பு மாத்திரையை டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு விழுங்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரும்பு குறைந்தால் மாத்திரையோடு விடக் கூடாது: வயிற்றிலோ குடலிலோ எங்கே இரத்தம் கசிகிறது என்று தேட வேண்டும்.

பூஞ்சையை எடுத்துக்கொள்வோம். தயிர்ப்படலம் மாதிரி வெள்ளை, துடைத்தால் போய் அடியில் சிவந்திருக்கும். இதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வெள்ளையே இல்லாமல் சிவந்து எரியும் வகையும் உண்டு, அதுதான் தவறிவிடும். ஆன்டிபயாடிக் முடித்த உடனே வந்தால், ஆஸ்துமாவுக்குப் பஃப் இழுப்பவருக்கு வந்தால், இரவிலும் பல் செட்டோடு தூங்குபவருக்கு வந்தால், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு வந்தால் அதை நினைக்க வேண்டும். நிஸ்டாட்டின் கரைசல் என்றால் பெரியவர்களுக்கு வழக்கமாக 4 முதல் 6 மில்லி, நாளைக்கு 4 தடவை. வாயில் முடிந்தவரை அடக்கிச் சுழற்றிவிட்டு விழுங்க வேண்டும், பிறகு அரைமணி நேரமாவது தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்த உடனே தண்ணீர் குடிப்பதால்தான் பலருக்குக் கேட்பதில்லை. அறிகுறி போன பிறகும் 2 நாள் தொடர வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் மைகோனசோல் ஜெல் தொடவே கூடாது, இரத்தப்போக்கு வரும். பஃப் இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். செட்டை இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவி வையுங்கள். இவை இல்லாமல் மருந்து மட்டும் போட்டால் பூஞ்சை திரும்பி வரும். காரணமே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் எச்ஐவி பரிசோதனையும் செய்ய வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாத்திரை டப்பாவையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். எனலாப்ரில், கேப்டோப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் சுவையை மாற்றி, நாக்கு வெந்ததுபோல் ஆக்கும். நெஞ்சுவலிக்கான நிகோரான்டில் ஆழமான புண்ணையே உண்டாக்கும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு வாய் புண்ணானால் அது எச்சரிக்கை: வாரத்துக்கு ஒருநாள் சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிடுகிறாரா என்று அன்றைக்கே கேட்க வேண்டும். சளி, அரிப்பு, தூக்க மாத்திரைகள் வாயை உலர்த்தும். உலர்ந்த நாக்கு எரியும். பற்பசை மாற்றிய பிறகு எரிச்சல் ஆரம்பித்ததா? இலவங்கப்பட்டை வாசனை உள்ளதும், அதிகம் நுரைக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் உள்ளதும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. 2 வாரம் வாசனையில்லாத, நுரைக்காத பற்பசைக்கு மாறிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

நாக்கின் மேல் சிவப்புத் தீவுகள், சுற்றி வெள்ளைக் கரை, இன்று இங்கே நாளை அங்கே என்று இடம் மாறினால் அது வரைபட நாக்கு. ஒன்றும் செய்யாது, காரமும் புளிப்பும் மட்டும் எரியும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இரத்தம் சரி, நாக்கும் பார்வைக்குச் சரி, ஆனால் 3 மாதத்துக்கு மேலாகத் தினமும் மணிக்கணக்கில் எரிகிறது, காலையில் குறைவு மாலையில் அதிகம், சாப்பிடும்போது மட்டும் விட்டிருக்கிறது என்றால் அது வாய் எரிச்சல் நோய். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம். பார்த்தால் ஒன்றும் தெரியாததால் வீட்டில் "உனக்கு மனக்கோளாறு" என்று சொல்லிவிடுகிறார்கள். அது கொடுமை. நரம்பு வலியை உணரும் விதம் மாறியிருக்கிறது, வலி உண்மை. வாயில் கரைத்துத் துப்பும் குளோனசெபாம் போன்ற மருந்துகள் சிலருக்கு உதவும், மருத்துவர் மேற்பார்வையில்தான். ஐஸ் துண்டு சப்புவதும், சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்வதும் பலருக்கு உடனடி ஆறுதல்.

காரணம் தெரியும்வரை ஆற்றுப்படுத்த, ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்போ, உப்பு எரிந்தால் அரை டீஸ்பூன் சமையல் சோடாவோ கரைத்துக் கொப்பளியுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் 2 வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது, டீ குடிப்பவருக்குப் பல் கறுக்கும். நாக்கு வழிப்பதைப் புண் ஆறும்வரை நிறுத்துங்கள். தெய்ஞ்சி மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் வெங்காரம் (போராக்ஸ்) வாங்கித் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் உண்டு. வெங்காரம் விழுங்கினால் நஞ்சு, குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். 1 வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேனும் கூடாது. மரக்க வைக்கும் ஜெல் தடவினால் மரப்பு போகும்வரை சாப்பிடாதீர்கள், நாக்கைக் கடித்துக்கொள்வீர்கள்.

திடீரென்று நாக்கு வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது, எச்சில்கூட விழுங்க முடியவில்லை, அல்லது காய்ச்சலோடு நாக்குக்குக் கீழே தாடை வீங்கிக் கெட்டிப்படுகிறது என்றால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. இரத்த அழுத்த மாத்திரையால் நாக்கு வீங்குவது வருஷக்கணக்கில் சாப்பிட்ட பிறகும் வரலாம்.

சிகிச்சை தொடங்கியதும் எத்தனை நாள் பொறுப்பது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பூஞ்சை எரிச்சல் மருந்து தொடங்கி ஒரு வாரத்தில் நன்றாகக் குறைய வேண்டும். பி12 ஊசி போட்டவருக்கு நாக்கு எரிச்சல் ஒன்றிரண்டு வாரத்தில் தணியத் தொடங்கும், கால் மரத்துப்போனது தேற மாதங்கள் ஆகும். இரும்பு மெதுவானது: நாக்குக்குச் சில வாரம், இரத்தம் தேறிய பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் 3 மாதம் மாத்திரை. அந்தக் கணக்குத் தாண்டியும் நாக்கு அப்படியே இருந்தால், அதே மருந்தை மறுபடி வாங்காமல் எடுத்துவைத்த படங்கள், இரத்தச் சீட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், நாட்டு மருந்து உள்பட, அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.